இடப்பக்கம் இழுத்தால்

முற்றிலும் இலவசம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த தளமும் கடைசிப் பக்கத்தில் கார்டு நம்பர் கேட்டது. அவள் வாய்க்குள்ளேயே ஒரு கெட்ட வார்த்தையை மென்றுவிட்டு அடுத்ததைத் திறந்தாள். எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் வழியில்லை. ஆசிரியர் அறையில் இருப்பது ஒரே கணினி. எழுந்தால் கணக்கு டீச்சர் வந்து உட்கார்ந்துகொண்டு, யார் யார் வீட்டு விசேஷத்துக்கு யார் யார் போனார்கள் என்று போட்டோ போட்டோவாகப் பெரிதாக்கிப் பார்ப்பார்.

அவள் படித்தது வரலாறு. வேலைக்குச் சேர்ந்ததும் வரலாற்றுக்குத்தான். புவியியல் வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது. போன மாதம் அறிவியல் டீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு பள்ளிக்குப் போய்விட, "சின்னப் பொண்ணுதானே, நெட்ல தேடிக்குவா" என்று தலைமையாசிரியை அதையும் அவள் தலையில் கட்டினார். அன்றிலிருந்து அவள் பெயர் நெட் டீச்சர். மற்றவர்கள் வகுப்புக்கும் படமும் வீடியோவும் அவள்தான் தேடித் தரவேண்டும். ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. நாளைக் காலை தலைமையாசிரியை எட்டாம் வகுப்பில் பின்பெஞ்சில் உட்காரப் போகிறார். "மூணு பாடத்தையும் ஒண்ணாக் கலந்து ஒரு வகுப்பு எடுங்க. பசங்க வாயப் பொளந்து பாக்கணும். அப்புறம் உங்க வேலைய நிரந்தரம் பண்றதப் பத்திப் பேசலாம்" என்று சொல்லியிருந்தார்.

கலப்பதற்கு என்ன இருக்கிறது? தேடினால் வந்து விழுவதெல்லாம் யாரோ யாருக்காகவோ செய்தது. ஜன்னல் வழியே தெரியும் பனியை வரையவும். உங்கள் தோட்டத்து அணிலைக் கவனித்துக் குறிப்பெழுதவும். இவள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். ஒரு வீடியோவில் எரிமலை நன்றாகத்தான் வெடித்தது. நடுவில் பாத்திரம் கழுவும் சோப்பு விளம்பரம் வந்தது. 

அப்படித் திறந்து திறந்து மூடியபோதுதான் அது கிடைத்தது. வானத்திலிருந்து எடுத்த பூமிப் படம். கீழே வருடங்கள் குறித்த ஒரு பட்டை, அதில் ஒரு பொத்தான். பொத்தானை இடப்பக்கம் இழுத்தால் பழைய வருடத்துப் படம், வலப்பக்கம் இழுத்தால் இன்றைக்கு. எங்கோ ஒரு பாலைவனத்தில் பச்சை வட்டங்கள் முளைப்பதைப் பார்த்தாள். ஓர் ஆறு புரண்டு படுப்பதைப் பார்த்தாள். அப்புறம், எவரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். தன் தெருவைத் தேடினாள்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தாள். மேலிருந்து பார்க்க வீடு சதுரமாக, நறுக்கென்று, யாருக்கும் கடன்படாத மாதிரி இருந்தது. பொத்தானை இழுத்தாள். பக்கத்துத் தெரு கழன்றுகொண்டது. இன்னும் இழுத்தாள். எதிர்வீடு போனது, முனைக்கடை போனது, இவர்கள் வீடு மட்டும் கொஞ்ச நேரம் ஒண்டியாக நின்றது. பிறகு அதுவும் போய், அந்த இடத்தில் கருநீலமாக, கரை வளைந்து, அசையாமல் ஓர் ஏரி கிடந்தது.

"என்ன நெட் டீச்சர், பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க? படம் நின்னு போச்சா?" என்றார் கணக்கு டீச்சர்.

"நிக்கல டீச்சர். நல்லா ஓடுது."

முதலில் வந்தது சந்தோஷம்தான். வரலாறு, யார் தூர்த்தது. புவியியல், ஏன் இந்த இடம் பள்ளம். அறிவியல், போக இடமில்லாத தண்ணீர் எங்கே போகும். மூன்றும் ஒரே படத்தில். வீட்டுக்கு நடக்கும்போதுதான் அடுப்படி நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு மழைக்கும் அடுப்படியில் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் வரும். கொத்தனாரான அப்பா ஒவ்வொரு தடவையும் தரையை உயர்த்துவார். தரை உயர உயர வாசல் நிலையின் உயரம் குறைந்துகொண்டே வந்து, இப்போது அந்த வீட்டில் எல்லோரும் குனிந்துதான் நுழைகிறார்கள். அம்மா யார் வீட்டுக்குப் போனாலும் குனிந்தே நுழைகிறாள். பழகிவிட்டது. இந்த வருஷம் மழை ஜாஸ்தி என்பார்கள். எந்த வருஷம் கேட்டாலும் இந்த வருஷம்தான் ஜாஸ்தி. கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கீழே செருப்பு மிதக்க, பள்ளியில் உலகத்து ஏரிகளின் பெயர்களையும் கல்லூரியில் ராஜாக்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்துதான் அவள் பட்டம் வாங்கினாள். அந்த வீட்டில் முதல் பட்டம்.

அப்பா வேலையிலிருந்து வந்து, முழங்கைச் சிமெண்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் செல்போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நம்ம தெரு முந்தி ஏரிதானே?"

அவர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, போனைத் தொடாமல் குனிந்து பார்த்தார். படத்தை இதற்கு முன் பார்த்திராதவர், இடத்தை உடனே அடையாளம் கண்டார்.

"இந்தா, இந்தக் கரை மேலதான் லாரி வந்து நிக்கும். மண்ணக் கொட்டிட்டுப் போவான். நாங்க பரப்பி விடுவோம்."

"தெரிஞ்சே வாங்கினியா?"

"வித்தவனுக்குத் தெரியும், பத்திரம் எழுதினவனுக்குத் தெரியும், முத்திரை குத்தினவனுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாமப் போயிருமா?"

"தெரிஞ்சும் எதுக்குப்பா?"

"கரையில வாங்க வக்கிருந்தா கரையில வாங்கியிருப்பேன்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. செங்கல் விலை சொல்கிற மாதிரி சொன்னார். அவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "நாளைக்கு இதத்தான் வகுப்புல காட்டப் போறேன்" என்றாள்.

உள்ளே இருந்த அம்மா கரண்டியோடு வந்தாள். "காட்டுவடி, நல்லாக் காட்டுவ. டைலர் யாரக் கேட்டு இங்க வந்தாரு? வேன் டிரைவர் யாரக் கேட்டு வந்தாரு? தண்ணி ஏறுமா மேஸ்திரின்னு கேட்டாங்க. மட்டம் பாத்துட்டேன், ஏறாதுன்னு இந்த மனுஷன் சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைய நம்பி பாதித் தெரு வந்து உக்காந்திருக்கு. அவங்க பிள்ளைங்கதான் உன் வகுப்புல இருக்குதுங்க. அதுங்க வீட்டுக்குப் போயி சொன்னா, இவரு எந்த மூஞ்சிய வெச்சுகிட்டுத் தெருவுல நடப்பாரு?"

"அப்ப சொன்னது பொய்தானே?"

"ஆமா, பொய்தான். பக்கத்துல நாலு வீடு வந்தாத்தான் ரோடும் கரண்டும் வரும்னு சொன்ன பொய். அந்தக் கரண்டுலதான் நீ படிச்ச."

அப்பா குழாயை மூடினார். மூடிய குழாயையே இன்னொரு முறை இறுக்கினார்.

"வேற ஊருப் படம் எதுவும் இல்லையாம்மா?" என்றார்.

வேறு ஊர்ப் படம் இல்லாமலா? மறுநாள் காலை வகுப்பில் அவள் வேறு ஊரைத்தான் திறந்தாள். கடல் மாதிரி கிடந்து வற்றிப்போன ஒரு தூரத்து ஏரி. ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவர் நிறைய நீலம். பொத்தானை இழுக்க இழுக்கக் கரைந்தது. காரை பெயர்ந்த இடத்தில் ஏரிக்கு ஒரு தீவு முளைத்திருந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பின்பெஞ்சில் தலைமையாசிரியை தலையை ஆட்டி ஆட்டி ஏதோ எழுதிக்கொண்டார். எல்லாம் திட்டப்படி போனது. அவளுக்கு மட்டும் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்தாள்.

"மிஸ், எங்க வீட்டக் காட்டுங்க மிஸ்."

கேட்காமல் இருப்பார்கள் என்று நினைத்ததுதான் அவள் செய்த தப்பு. பூமியை மேலிருந்து காட்டினால் எந்தப் பிள்ளையும் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு குரல் பத்தானது. பின்பெஞ்சிலிருந்தும், "காட்டுங்களேன், ஆசப்படறாங்க" என்று வந்தது.

காட்டினாள். இன்றைய படத்தை. கூச்சல் கூரையைப் பிய்த்தது. "டேய், எங்கப்பா வேன்!" "எங்க மொட்டமாடி! கொடியில என் சட்ட!" "உன் சட்ட மேலேர்ந்து தெரியுதாக்கும், அவ்ளோ பெரிய சட்டயாடா?" கூச்சலுக்கு நடுவில் டைலர் மகள் மட்டும் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், அத இழுங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடி எங்க வீடு எப்டி இருந்துச்சுன்னு பாக்கணும்."

"நம்ம ஊருக்குப் பழைய படம் இல்லம்மா. நான் பாத்துட்டேன்."

எவ்வளவு சுலபமாக வந்தது. திக்கவில்லை, திணறவில்லை. பார்த்துட்டேன். மட்டம் பார்த்துட்டேன். அப்பாவும் இப்படித்தான் சொல்லியிருப்பார், இதே பதவிசான குரலில், எதிரே நிற்பவர் நம்பத் தயாராக நிற்கும்போது.

"சரி மிஸ்" என்று டைலர் மகள் உட்கார்ந்தாள். உடனே மறுபடி எழுந்தாள். "மிஸ், இன்னொரு டவுட்டு. எங்க வீட்ல மட்டும் ஏன் மிஸ் மழைக்குத் தண்ணி வருது?"

"எங்க வீட்லயும்தான் வருது" என்றான் வேன் டிரைவர் மகன்.

"நாங்க சாக்கடையில பேப்பர் போடறதாலதான் வருதுன்னு எங்கம்மா அடிக்கும் மிஸ். நாங்க போடறதே இல்ல. தம்பிதான் ஒரே ஒரு தடவ போட்டான். ஒவ்வொரு மழைக்கும் அவனப் போட்டு அடிக்கும்" என்றாள் டைலர் மகள்.

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்திருக்கலாம். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "போதும் டீச்சர், நல்லா இருந்துச்சு, முடிச்சிடலாம்" என்றார். அந்த வார்த்தைக்காக ஒரு மாதமாக எல்லோருடைய வகுப்புக்கும் தேடித் தேடிக் கண் பூத்துப்போயிருந்தாள்.

"இன்னும் ஒரு நிமிஷம் மேடம்" என்றாள். மவுஸை மறுபடி பிடித்தாள். "நான் சொன்னது பொய். நம்ம ஊருக்கும் பழைய படம் இருக்கு."

இடப்பக்கம் இழுத்தாள்.

பள்ளியின் நெட் திணறியது. படம் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. மேல் வரிசையில் இன்னும் கூரைகள் இருக்க, கீழ் வரிசையில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த கட்டம். அடுத்த கட்டம். பின்பெஞ்சு தரையில் உராய்ந்து நகரும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. கூரைகள் முழுக்கப் போய்ச் சுவர் நிறைந்தபோது, "ஐ, தண்ணி!" என்று ஒருவன் கத்தினான். பெஞ்சுகளைத் தாண்டிக் குதித்துப் பிள்ளைகள் சுவருக்கு ஓடினார்கள். கரையை வைத்து அளந்து, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு, தங்கள் வீட்டைத் தேடினார்கள். டைலர் மகள் நுனிக்காலில் எக்கி, ஏரியின் நடுவில் விரலை ஊன்றினாள். புறங்கையெல்லாம் நீலம்.

"இங்க மிஸ். இதுதான் எங்க வீடு."

அவள் விரலை எடுக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு கை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, தண்ணீருக்கு மேல் ஒரு தெரு நீளத்துக்குக் கைகள் ஊன்றிக்கொண்டே வந்தன.