உலகத்தில் எங்கேயாவது ஒரு வீடு

இரத்தினவேல் எந்தப் புதுவீட்டுக் குடிபூரலையும் தவறவிட்டதில்லை. கனடாவில், ஸ்காபரோவிலோ பிக்கரிங்கிலோ தெரிந்தவர் எவராவது வீடு வாங்கினால் மனைவி யோகமலரைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பார். பாயாசம் குடிப்பார், பேஸ்மென்ற் வரைக்கும் இறங்கிப் பார்ப்பார். பிறகு வீட்டுக்காரனின் தோளில் கை போட்டுக்கொண்டு சொல்லுவார்:

“நல்ல வீடுதான் தம்பி. ஆனா இஞ்ச வீடு வாங்கிறவன் ஊருக்குப் போறேல்லை எண்டு முடிவெடுத்தவன். எனக்கு வசாவிளானில நாற்சார் வீடு கிடக்கு. சண்டை முடிஞ்ச அடுத்த பிளேனில நான் போறன்.”

வீட்டுக்காரனுக்கு அநேகமாக முப்பது வயதுதான் இருக்கும். இரண்டு வேலை செய்து, சீட்டுப் பிடித்து வாங்கிய வீடு. “ஓம் அண்ணை” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் பாயாசம் கொடுக்கப் போய்விடுவான்.

இரத்தினவேல் தன்னுடைய முப்பதுகளைப் பார்க்டேலில் ஓர் அறையை நாலு பேரோடு பங்குபோட்டுக் கழித்தவர். யோகமலரும் குழந்தை கஜனியும் வந்து சேர்ந்த பிறகு ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்ற் எடுத்தார். நாற்பதிலும் அங்கேதான், ஐம்பதிலும் அங்கேதான். இருபத்தைந்து வயதில் கஜனி அடுக்குமாடியில் ஒரு கொண்டோ வாங்கியபோது, பெற்ற மகளின் தோளிலும் கை போட்டு அதே பேச்சைப் பேசினார்.

யோகமலர் இதற்கெல்லாம் ஒன்றும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கூட்டங்களுக்குப் போனதும் இவள் பஸ் ஏறி விற்பனைக்கு இருக்கும் வீடுகளைப் பார்க்கப் போவாள். அலுமாரிகளைத் திறந்து பார்ப்பாள். குளியலறைக் குழாயைத் திருகிப் பார்ப்பாள். முகவர்கள் கேட்டால் “மகளுக்குப் பார்க்கிறம்” என்பாள். மகள் வாங்கிய பிறகும் அதையேதான் சொன்னாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்தது. குளிர்காலம் முழுக்க இரத்தினவேல் சண்டையை நிறுத்தச் சொல்லிப் பதாகை பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார். மே மாதம் சனத்தோடு சனமாக நெடுஞ்சாலையில் ஏறிக் குந்தியிருந்தார். அடுத்த வாரம் எல்லாம் முடிந்துவிட்டது. சண்டை எப்படி எப்படியெல்லாம் முடியக்கூடும் என்று இத்தனை வருடமாக அவர் பேசியிருக்கிறார். இப்படி முடியுமென்று ஒருநாளும் பேசியதில்லை. யாழ்ப்பாணத்தில் வசாவிளான் முன்போலவே இராணுவத்தின் முட்கம்பிக்குள் இருந்தது. சண்டை முடிந்ததால் அங்கே ஒரு படலையும் திறக்கவில்லை.

எப்போது போகிறீர்கள் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டவர் பத்மநாதன் ஒருவர்தான். தன் குடிபூரலில் அந்தப் பேச்சைக் கேட்ட நாள் முதல் பதிலுக்குக் காத்திருந்தவர். தமிழ்க் கடையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கையில் கேட்டுவிட்டார்.

“அண்ணை, சண்டை முடிஞ்சுதெல்லோ. எப்ப பிளேன்?”

கேட்ட மறுகணமே பத்மநாதனின் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் மீன்காரனின் கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செப்டம்பரில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இரத்தினவேல் மெல்லச் சொன்னார்:

“மலர், ஒரு வீடு பாப்பமோ?”

“பிக்கரிங்கில ஒண்டு இருக்கு” என்றாள் அவள். “கிழக்குப் பாத்த வாசல். குசினிக்குள்ள காலமை வெயில் வரும். விலையும் ரெண்டுதரம் குறைச்சுப்போட்டினம்.”

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“போய்ப் பாத்தனான்.”

அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கடனுக்குப் போன இடத்தில், கஜனியைவிட இளைய ஒரு பெடியன், முதல் வீடா என்று கேட்டு எழுந்து நின்று கை கொடுத்தான். கடனைக் கட்டி முடிக்க இருபத்தைந்து வருடம் என்றான். எண்பத்துமூன்று என்று இரத்தினவேல் மனதுக்குள் கூட்டிக்கொண்டார்.

கடைசியாகக் கஜனியையும் கூட்டிக்கொண்டு சட்டத்தரணி அகஸ்ரினின் அலுவலகத்துக்குப் போனார்கள். அவனும் தமிழ்ப் பெடியன்தான், ஸ்காபரோவில் வளர்ந்தவன். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் வரியில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் என்று விளங்கப்படுத்தினான்.

“ஒரு கேள்வி மட்டும் அங்கிள். இதுக்கு முதல் உலகத்தில எங்கயாவது உங்களுக்கு வீடு இருந்ததோ?”

“இல்லை” என்றார் இரத்தினவேல், உடனேயே.

கஜனி திரும்பித் தகப்பனைப் பார்த்தாள்.

“அன்ரிக்கு?”

“அவவுக்கும் இல்லை” என்று அதற்கும் அவரே பதில் சொன்னார். “ஊரில ஒண்டு கிடந்தது. இப்ப ஆமி நிக்குது. கூரை இருக்கோ தெரியாது. அதை வீடெண்டு சொல்லேலுமோ?”

“ஓம், இருக்கு” என்றாள் யோகமலர். “வசாவிளானில. எனக்குச் சீதனமாத் தந்தது. காணி உறுதியும் என்ர பேரில.”

“அம்மா, அது உங்கட வீடா?” என்றாள் கஜனி. “ஓ மை காட். நான் அப்பாட எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சன்!”

அகஸ்ரின் பேனையை மேசையில் வைத்தான். “அன்ரி, ஓம் எண்டால் அந்தக் காசு வராது. மனுசிக்கு வீடிருந்தால் அங்கிளுக்கும் கிடையாது. யோசிச்சுச் சொல்லுங்கோ.”

இரத்தினவேல் அவள் பக்கம் சரிந்து, குரலைத் தாழ்த்தினார். “மலர், அங்க ஒருத்தரும் போய்ப் பாக்கப் போறேல்லை.”

“அது தெரியும். எங்களையே பாக்க விடேல்லை.” அவள் குரலைத் தாழ்த்தவில்லை. “ஆமிக்காரன் அது என்ர வீடில்லை எண்டுறான். இப்ப நீங்களும் சொல்லிப்போட்டியள். நானும் சொன்னால் பிறகு ஆர் இருக்கினம், இருக்கெண்டு சொல்ல?”

இரத்தினவேலுக்குக் கோபம்தான் வரப் பார்த்தது. அதற்குள், எத்தனையோ குடிபூரல்களில் எத்தனையோ தோள்களில் கை போட்டு ‘எனக்கு’ என்றுதான் சொன்னோம், ஒருதரமாவது ‘மனுசிக்கு’ என்று சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்துவிட்டது. மேசையில் கிடந்த பேனையை அகஸ்ரின் பக்கம் நகர்த்தினார்.

“அவ சொல்லுற மாதிரியே எழுதும் தம்பி” என்றார்.

நவம்பரில் பிக்கரிங் வீட்டுக்குக் குடிபோனார்கள். அன்று பின்னேரம் வீட்டை விற்ற வெள்ளைக்காரச் சோடி, மறந்து விட்டுப்போன குழந்தை வண்டியை எடுக்க வந்தது. இருவருக்கும் முப்பதாகவில்லை. இந்த வீடு காணாதென்று விட்பியில் பெரிதாக ஒன்று வாங்கியிருந்தார்கள். இது உங்கள் முதல் வீடா என்று அந்தப் பெண் இரத்தினவேலைக் கேட்டாள். அவர் யோகமலரைத் திரும்பிப் பார்த்தார். அவள் அடுப்படியில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு முதல் வீடு” என்றார். “அவவுக்கு ரெண்டாவது.”

அந்தப் பெண்ணுக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. தொடக்கத்தில் எல்லோருக்கும் பயமாகத்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும் என்று ஆறுதல் சொன்னாள். இரத்தினவேல் தலையை ஆட்டி ஆட்டிக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.