செல்லையனின் கிருமி, ஓமனாவின் காய்ச்சல்

கேரள எல்லையோரத்துக் கொல்லயில் பஞ்சாயத்தில் வாழை வைத்துப் பிழைக்கும் செல்லையனின் உடம்பில் கிருமி நுழைந்தால் காய்ச்சல் அவருடைய மனைவி ஓமனாவுக்கு அடிக்கும். கல்யாணமான மூன்றாம் நாள் தொடங்கி முப்பத்தியொரு வருஷமாக இப்படித்தான். அன்று மறுவீட்டு விருந்தில் முந்தினநாள் மீன்கறியை மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றவர் செல்லையன். வயிறு போனது, வெட்கப்பட்டுக் கஞ்சி மட்டும் குடித்திருந்த ஓமனாவுக்கு. சிக்குன்குனியா வந்த வருஷம் கொசு கடித்தது இவரை, மூட்டு மூட்டாக வீங்கியது அவள். இவர் பாலராமபுரத்தில் கட்டட வேலைக்குப் போய்த் தங்கியிருந்த ஆறு மாதமும் அங்கே இவர் மழையில் நனைந்து சளி பிடித்தால் இங்கே வீட்டில் அவள் தும்மினாள். நடுவழியில் அமரவிளைச் சோதனைச்சாவடியில் கோழி லாரிகளை மணிக்கணக்காக நிறுத்திக் கேள்வி கேட்ட காலம் அது; அந்தத் தும்மலை மட்டும் யாரும் மறித்து எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட கையோடு செல்லையன் வாழைக்கு மண் அணைக்கப் போனார். ஊசிக்கு இன்னும் முறை வராத ஓமனா இரண்டு நாள் கை தூக்க முடியாமல் படுத்துக் கிடந்தாள். அடுத்த வாரம் அவளுக்கும் போட்டார்கள். அதற்கும் அவள்தான் படுத்தாள்.

ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டில் பலா காய்க்காது, ஒரு வீட்டில் கிணறு வற்றாது, செல்லையன் வீட்டில் இப்படி என்பதற்குமேல் யாரும் யோசித்ததில்லை. செல்லையனும் யோசித்ததில்லை. சொல்லப்போனால் அவர் அதைத் தன்னுடைய ஆரோக்கியம் என்றே நம்பிவந்தார். வருஷாவருஷம் சபையின் அறுவடைப் பண்டிகையில், ஏலத்துக்கு வந்த வாழைக்குலைகளுக்கும் பூசணிக்காய்களுக்கும் நடுவே எழுந்து நின்று, கர்த்தர் இந்த வருஷமும் தனக்கு ஒரு தலைவலிகூடத் தரவில்லை என்று சாட்சி சொல்வார். சபை ஆமென் சொல்லும். அநேகமாக அந்த நேரத்தில் ஓமனா வீட்டில் போர்வைக்குள் இருப்பாள். அவளுக்காகவும் ஜெபிக்கும்படி போதகரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் செல்லையன் சாட்சி சொல்ல எழுந்திருப்பார். அந்தளவுக்கு அவருக்கு மனைவிமேல் பிரியம் உண்டு.

பிரியம் இருந்ததுதான் இடைஞ்சல். மழைக்காலம் தொடங்கினால் சேற்றில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல், அந்தப் பக்கத்துப் பேச்சில் எலிப்பனி, வராமலிருக்க வாரம் இரண்டு மாத்திரை உண்டு. அரசின் ஆஷா சுகாதாரப் பணியாளர் ஷீஜா வீடுவீடாக வந்து கொடுத்து, விழுங்கினார் என்று நோட்டில் குறித்துக்கொள்வாள். செல்லையன் மாத்திரையை வாயில் போட்டு வெள்ளமும் குடிப்பார், தலையையும் ஆட்டுவார். ஷீஜா படலையைத் தாண்டியதும் கன்னத்தில் ஒதுக்கியிருந்ததை எடுத்து, கழுவி, ஓமனாவிடம் கொடுத்துவிடுவார். காய்ச்சல் எங்கே போகுமோ அங்கேதானே மருந்தும் போகவேண்டும்? பதினொரு மழைக்காலம் இந்தக் கணக்கில் ஒரு பிழையும் அவருக்குத் தெரியவில்லை. ஓமனாவும் அவருடைய எச்சில் மாத்திரையை விழுங்கினாள்.

இந்த ஆனி மழையில் ஏலா என்கிற தாழ்வான வயல்வெளி முழுக்க வெள்ளம். அழுகப்போகும் வாழைகளைக் காப்பாற்ற நான்கு நாள் முழங்கால் ஆழத்தில் நின்று செல்லையன் வாய்க்கால் வெட்டினார். காலில் மண்வெட்டி பட்ட காயம் ஒன்றும் இருந்தது. பத்தாம் நாள் ஓமனாவுக்குக் குளிர் தொடங்கியது. கெண்டைக்காலைத் தொட்டால் அலறினாள். கண் சிவந்தது, பிறகு மஞ்சளானது. ஒரு தடவையும் சேற்றில் கால் வைக்காத பெண்ணுக்கு எலிப்பனியா என்று அரசு ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ஆச்சரியப்பட்டுவிட்டு, படுக்கை கொடுத்து ஊசி போட்டார்கள். ஐந்து நாள் போட்டார்கள். ஐந்து நாளும் காய்ச்சல் நூற்றிமூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. மூத்திரம் குறைந்தது. ஆறாம் நாள் காலையில் டாக்டர், சிறுநீரகம் சோர்ந்துபோகிறது, இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு என்ன பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை.

"அது எனக்க கிருமியாக்கும் டாக்டரே" என்றார் செல்லையன். டாக்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, குடும்பத்தாருக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும் என்று மலையாளத்தில் ஆறுதல் சொன்னார்.

ஜேனட் என்ற இளம் டாக்டர் அந்த வார்டில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நெய்யாற்றின்கரைக்காரி; தமிழும் பேசுவாள். காய்ச்சல்காரர்களுடைய ரத்தத்தையும் அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தும் காய்ச்சல் வராதவர்களுடைய ரத்தத்தையும் ஒப்பிட்டு, ஒரே கிருமி ஒருவரைச் சாய்ப்பதும் இன்னொருவரை விட்டுவிடுவதும் ஏன் என்று ஆராயும் வேலை. ஓமனா வந்து படுத்த மறுநாளே அவளிடம் ஒரு குழாய், செல்லையனிடம் ஒரு குழாய் எடுத்து அனுப்பியிருந்தாள். செல்லையனின் ரத்தத்தில் கிருமி நெளிகிறது, அதை எதிர்க்கும் பொருள் ஒரு சொட்டு இல்லை. ஓமனாவின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குவிந்து கிடக்கிறது, கிருமி ஒன்றுகூட இல்லை என்று முடிவு வந்தது. குழாய் மாறிவிட்டது என்று பரிசோதனைக் கூடத்தில் சொன்னார்கள். மாற்றிப் பார்த்தால் காய்ச்சலில் கொதிப்பவளிடம் எதிர்ப்பொருள் ஒரு சொட்டும் இல்லை என்றல்லவா வரும், அதுவும் ஒத்துவரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. மறுபடி எடுத்தாள். அதே முடிவு. மூன்றாம் தடவை செல்லையனின் கையிலும் குழாயிலும் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டு எடுத்தாள். அதே முடிவு. கூடத்திலிருந்து, ஜேனட் கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்வது நல்லது என்று பதில் வந்தது.

அந்த ஆறாம் நாள் காலையில் அவள் வராந்தா பெஞ்சில் செல்லையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, காய்ச்சல் கிருமி செய்யுற வேலை இல்ல. கிருமிய எதிர்த்து உடம்பு போடுற சண்டையாக்கும். கிருமி உங்ககிட்ட இருக்கு. சண்டை மாமி போடுறாங்க. எதிரியே இல்லாத இடத்துல ஆறு நாளா சண்டை போட்டு உடம்பு கரைஞ்சுபோச்சு."

"அப்போ அவளுக்குப் போடுத மருந்து?"

"ஆளில்லாத வீட்டுல கதவத் தட்டுற மாதிரி. மருந்து நீங்கதான் சாப்பிடணும். எப்பவுமே நீங்கதான் சாப்பிட்டிருக்கணும்."

செல்லையன் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பதினொரு மழைக்கால மாத்திரைகளும் அங்கேதான் இன்னும் இருப்பதுபோல் இருந்தது. நீயே தந்துவிடு என்று ஜேனட்டிடம் கேட்டார். ரத்தம் எடுக்கத்தான் தனக்கு அனுமதி, ஒன்றும் கொடுக்க அனுமதி இல்லை என்று அவள் தலைகுனிந்தாள்.

அன்று முழுக்க செல்லையன் மருந்து கேட்டு அலைந்தார். சீட்டு கொடுக்கும் கவுண்டரில், "எந்தா அசுகம்?" என்று நோயின் பேரைக் கேட்டார்கள். எலிப்பனி என்றார். யாருக்கு? கிருமி எனக்கு, பனி பெஞ்சாதிக்கு. பின்னால் நின்ற ஆள் இவரைத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினான். இரண்டாம் தடவை வரிசையில் நின்று, வயிற்றுவலி என்று பொய் சொல்லிச் சீட்டு வாங்கி உள்ளே போனார். டாக்டர் வயிற்றை அமுக்கி, ரத்த அழுத்தம் பார்த்து, இருபது வயசுப் பையனின் உடம்பு இது என்று பாராட்டி அனுப்பினார். வெளியே மருந்துக் கடையில், சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் கிடையாது என்று போர்டு. முன்பெல்லாம் அந்தப் போர்டுக்குக் கீழே நின்றுதான் எல்லோரும் சீட்டில்லாமல் வாங்குவார்கள். இப்போது கண்டபடி மருந்து தின்று கிருமிகள் பழகிவிட்டன, பிடி இறுகிவிட்டது என்று கடைக்காரர் வகுப்பெடுத்தார். கிருமிகளுக்குப் பழக இவ்வளவு வசதி செய்துகொடுத்த நாடு, ஒரு மாத்திரையும் தின்றறியாத தன்மீதுதானா கடைசியில் கண்டிப்பைக் காட்டவேண்டும் என்று செல்லையனுக்கு அழுகையாக வந்தது.

மூன்றாம் தடவை வரிசையில் நின்றபோது அவர் கையில் ஒரு சூடான சாயா இருந்தது. நர்ஸ் திரும்பிய நேரத்தில் தெர்மாமீட்டரைக் கிளாசுக்குள் முக்கினார். நூற்றிப்பத்து காட்டியது. நர்ஸ் அதைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், தெர்மாமீட்டரின் முனையில் ஒட்டியிருந்த சாயாத் தூளைப் பார்த்தாள். மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்தாள். அன்றைக்கு அவர் பெயரில் கிடைத்த ஒரே மருத்துவ உதவி அதுதான். வார்டுக்குத் திரும்பி வந்தால் ஓமனாவுக்கு நூற்றிநான்கு. கண்ணைத் திறக்காமலே, "நிங்க வல்லதும் தின்னியளா?" என்று கேட்டாள். செல்லையன் தின்றேன் என்றார். அவர் தின்னவில்லை. முப்பத்தியொரு வருஷத்தில் அவருக்கு முதல்முறையாகப் பசிக்கவில்லை.

மருந்து கிடைக்கும் இடம் ஒன்று அவருக்குக் காலையிலிருந்தே தெரியும். ஷீஜாவின் பை. சேற்றில் இறங்குகிறவர்களின் பட்டியலில் அவர் பெயர் பதினொரு வருஷமாக இருக்கிறது. கேட்டால் அந்த நிமிஷமே தருவாள். ஆனால் கேட்டால், இதுவரை ஒன்றுகூட விழுங்கவில்லை என்று சொல்லவேண்டும். ஷீஜாவின் வாய்க்கு மூன்று வார்டு மெம்பர்கள் பயப்படுவார்கள். ஊரெல்லாம் தெரிந்துவிடும், சபைக்கும் தெரிந்துவிடும், சாட்சி சொன்ன வாய்க்கு என்ன மரியாதை? இந்த யோசனையில் ஒரு பகல் போய்விட்டது. மாலையில் ஓமனாவின் மூத்திரப்பையைப் பார்த்தார். அதில் காலையில் பார்த்த அளவுதான் இருந்தது. செல்லையன் போனை எடுத்தார்.

ஷீஜா அரைமணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்தாள். வார்டு வராந்தாவில், துணைக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சொன்னதை முழுசாகக் கேட்டாள்.

"பதினொரு வருஷம் எனக்க நோட்டில பொய் எழுத வச்சிருக்கிய, இல்லியா அண்ணா?"

"தெரியாம செய்துபோட்டேன், மக்கா."

"தெரியாமலா? வாயில ஒதுக்கினது தெரியாமலா? குரங்குகூட செத்த நேரத்தில முழுங்கிரும்!" கத்திக்கொண்டே பையைத் திறந்தாள். "ம், வாயைத் திறங்க."

திறந்தார். அவருடைய தொண்டைக்கு மாத்திரை விழுங்கத் தெரியவில்லை. முதல் தடவை துப்பினார், இரண்டாம் தடவை மூக்கு வழியாக வெள்ளம் வந்தது. ஐம்பத்தெட்டு வயசு ஆளின் தலையை ஷீஜா ஒரு கையால் பின்னுக்குச் சாய்த்து, மறுகையால் தொண்டையைத் தடவிவிட்டாள். மாத்திரை இறங்கியது. "நாக்கைத் தூக்குங்க. அந்தப் பக்கம். இந்தப் பக்கம் கன்னம். ம்ம்." அதற்குப் பிறகுதான் அவள் நோட்டை எடுத்தாள், குறிக்கும்போது அவள் கண்ணும் கலங்கியிருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். செல்லையன் பார்க்கவில்லை. அவர் வார்டு வாசலில் நின்று ஓமனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணி நேரத்தில் ஓமனாவுக்கு வியர்த்தது. நூற்றிரண்டு, நூறு, பிறகு வெறும் உடம்புச்சூடு. மறுநாள் காலையில் மூத்திரப்பை நிறைந்தது. வார்டில் இருந்தவர்கள் ஒரு குழந்தை பிறந்ததுபோல் அதை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊசி ஏழாம் நாள் வேலை செய்துவிட்டது என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதினார். நோயாளியோடு தங்கியிருப்பவருக்கு முன்னெச்சரிக்கை என்று ஒரு கட்டம் அதே ஷீட்டின் அடியில் இருப்பதை ஜேனட் கண்டுபிடித்து, செல்லையனுக்கு மீதி ஆறு நாள் மாத்திரையை அதில் எழுதி வாங்கினாள். அந்தக் கட்டம் அங்கே எப்போதும் இருந்திருக்கிறது. மாத்திரை தின்றவர் செல்லையன்; அதனால் வாய் கசந்தது ஓமனாவுக்கு.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் செல்லையன் எழுந்தபோது கட்டில் ஆடிக்கொண்டிருந்தது. பூகம்பம் என்று நினைத்து ஓமனாவைக் கூப்பிட்டார். கட்டில் ஆடவில்லை, அவர்தான் நடுங்கினார்.

"ஏட்டி ஓமனா, எனக்கு என்னமோ செய்யுது. போதகரைக் கூப்பிடு."

ஓமனா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் சௌக்கியமாக இருந்தாள். மரச்சீனிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தவள் கையில் கரண்டியோடு நின்றாள். தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. அதில் சாயாத் தூள் இல்லை. "இதுக்குப் பேருதான் பனி" என்றாள். "நிங்களுக்கு அறிமுகம் இல்லாத்த ஆளாக்கும்."

ஜேனட் வந்து இருவருக்கும் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுப் பார்த்தாள். சாதாரண ஃப்ளூதான். கிருமி ஓமனாவின் மூக்கில் இருந்தது, செல்லையனிடம் ஒன்றுமில்லை. எதிர்ப்பு சக்தி என்பது பிறக்கும்போதே முழுசாக வருவதல்ல, உடம்பு பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது, சில உடம்புகளுக்குக் கொஞ்சம் தாமதமாகும் என்றாள். அவளுடைய ஆராய்ச்சிப் படிவத்தில் ஒரு வரிசைக்கு ஒரு பெயர்தான் எழுதலாம். செல்லையன், ஓமனா என்று இரண்டையும் ஒரே வரிசையில் எழுதிவிட்டுப் போனாள். பரிசோதனைக் கூடத்தில் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

காய்ச்சல் மூன்று நாள் இருந்தது. முதல் நாள் செல்லையன் முனகிய முனகல் ஏலாவுக்கு அந்தப் பக்கம் கேட்டது. இரண்டாம் நாள் முனகலை நிறுத்திவிட்டு, சிக்குன்குனியா இதைவிட மோசமா என்று கேட்டார். ஓமனா, ஓரளவு என்றாள். டெங்கு? அதுவும் ஓரளவு. எலிப்பனி? ஓமனா கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அதன் பிறகு முனகல் கேட்கவில்லை.

அந்த வருஷ அறுவடைப் பண்டிகையில் ஓமனா பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். செல்லையன் வழக்கம்போல் எழுந்தார். எனக்குப் பனி வந்தது, நூற்றிரண்டு, மூன்று நாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றார். சபை ஆமென் சொன்னது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து ஏலத்துக்கு ஒரு செவ்வாழைக்குலை தூக்கப்பட்டது. பெண்கள் பக்கத்தில் ஓமனாவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தவள் இரண்டு தடவை பலமாக இருமினாள். செல்லையன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, காதும் மூடும்படி இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.