இழுத்துச் சொன்ன அச்சா

என் கணவர் பாலசுப்ரமணியம் எதையும் சட்டென்று நம்பமாட்டார். கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினால்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார்; கடைக்காரன் பொறுமையிழந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான். தணிக்கைத் துறையில் வேலை பார்த்தவர் பின்னே எப்படி இருப்பார் என்று தில்லி ஆர்.கே.புரத்துத் தமிழர்களிடம் அவருக்கு ஒரு பெயர். அந்தப் பெயரில் எனக்கும் உள்ளூரப் பெருமைதான். வீட்டுக்குள் அதனால் நான் படும் பாடு வேறு விஷயம்.

போன சித்திரையில் ஓய்வு பெற்றார். அரசாங்கக் குவார்ட்டர்ஸைச் சில மாதங்களில் காலி செய்தாக வேண்டும். கைக்கு வந்த பணத்துக்குத் தில்லியிலேயே துவாரகாவில் இரண்டு அறை உள்ள சின்ன ஃப்ளாட் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தோம். நான் மனதுக்குள் அங்கே குடியேறியே விட்டேன்.

அப்போதுதான் நல்லசிவம் வந்தார். மலை மந்திர் முருகன் கோயிலில் பழக்கம். எங்கள் மகன் டைஃபாய்டில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர். குர்காவுனைத் தாண்டி எங்கோ மனை போடுகிறார்களாம். தமிழர்களாகச் சேர்ந்து வாங்கினால் பாதி விலையாம். பணம் முதலில், பத்திரம் பிறகு. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, தன் சொந்தப் பணத்தையும் அதில்தான் போட்டிருந்தார். என் கணவர் "அச்சா... அச்சா..." என்று கேட்டுக்கொண்டே காபியைக் குடித்து முடித்தார். நல்லசிவம் படியிறங்கியதும், பத்திரம் இல்லாத இடத்துக்கு எவன் பணம் கொடுப்பான் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி கொஞ்ச நாள்தான். கோயிலுக்குப் போன ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் சேர்ந்துவிட்ட செய்தி வந்தது. ஜெயகிருஷ்ணன் சேர்ந்தார், அம்புஜம் வீட்டில் சேர்ந்தார்கள். இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை பேரும் முட்டாள்களா என்று என்னைக் கேட்டார். கடைசியில் கீழ்வீட்டு லூசியே முன்பணம் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் மனிதர் ஆடிப்போனார். லூசி ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் இல்லை. மகள் ஜோஸ்லினின் கல்லூரிப் படிப்புக்காகப் பைசா பைசாவாகச் சேர்ப்பவள். அவளே போட்டிருக்கிறாள் என்றால் விஷயம் இல்லாமலா இருக்கும்?

மறுநாள் காலை செக் எழுதினார். துவாரகா என்ன ஆவது என்று கேட்டேன்.

"எல்லாரும் அங்க வீடு கட்டிப் போயிருவாங்க. நாம மட்டும் துவாரகாவுல யார் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது?" என்றார்.

அதுதான் சங்கதி. லாபமும் இல்லை, மண்ணும் இல்லை. தனியாக விட்டுவிடுவார்களோ என்கிற பயம். எனக்கு வந்த கோபத்தில் பாத்திரங்களை உருட்டினேன். பிறகு லூசிக்கு அப்படி என்னதான் தெரியும் என்று கேட்டுவிடலாமென்று கீழே இறங்கினேன்.

அவள் நைட் டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். பாளையங்கோட்டைப் பேச்சு இன்னும் மாறவில்லை.

"நான் என்னத்தக் கண்டேன், அக்கா? சாரே அச்சான்னு சொல்லிட்டாவன்னு நல்லசிவம் அண்ணாச்சி எல்லார்ட்டயும் சொன்னாவ. சார் பாக்காததையா நான் பாக்கப்போறேன்னு குடுத்துட்டேன்."

தில்லிக்கு வந்த நாளிலிருந்து எங்கள் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்ட இந்தி வார்த்தை அது. வெட்டிச் சொன்னால் 'நல்லது'. இழுத்துச் சொன்னால் 'அப்படியா'. இவர் இழுத்துத்தான் சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன். வாய் மாறிப் போனதில் அந்த இழுப்பு காணாமல் போய்விட்டது. நல்லசிவத்தைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. ஆசைப்பட்டவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கும்.

லூசியின் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தேன். இவர் சட்டைப் பையில் செக்கோடு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவரைப் பார்த்து அவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து இவர் சேரக் கிளம்பியிருக்கிறார். அந்த மனையை நேரில் போய்ப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

பிறகு எழுந்தார். விழித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

"என்னை நம்பி எறங்கினவங்கள விட்டுட்டு நான் மட்டும் ஒதுங்குறதா? இப்பதான் நான் கட்டாயம் போடணும்" என்றார்.

இந்த மனிதரை என்னதான் செய்வது? நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். லூசி முந்திக்கொண்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க போடலன்னா, அதச் சொல்லியே நான் என் பணத்தத் திருப்பிக் கேப்பேன், சார். நீங்களும் போட்டுட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து செக்கை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"வா லூசி, நல்லசிவத்துக்கிட்ட நானே வந்து சொல்றேன். அப்புறம் ஜெயகிருஷ்ணன் வீட்டுக்கும் போகணும்" என்றார்.

வாசலில் நின்று என் பக்கம் திரும்பினார்.

"நல்லசிவம் இனிமே நம்ம வீட்டுப் படி ஏறமாட்டான்."

எங்கள் மகனுக்காக அலைந்த மனிதர். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் நான் போகவேண்டாம் என்று சொல்லவில்லை.