புதைத்த டிராயர்

மண்ணுக்கு உயிர் வரட்டும் என்று பருத்திக் காட்டை நான் உழாமல் விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. பருத்தி எடுத்து முடித்ததும் செடிகளை வெட்டி அங்கேயே பரப்பி, நடுவில் தட்டைப்பயறு தூவி விட்டுவிடுவேன். பார்க்கிறவர்களுக்கு, யாரோ வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிப்போன இடம் மாதிரி இருக்கும். ஊரில் அதற்குச் ‘சோம்பேறிக் காடு’ என்று பெயர். பட்டத்தை எனக்குக் கொடுக்காமல் காட்டுக்குக் கொடுத்தார்களே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

ஆனால் காடு என் மனைவியுடையது. இரண்டாவது வருஷமும் விளைச்சல் கொஞ்சம் இறங்கியதும், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“மண்ணுக்கு உயிர் வந்திருக்குன்னு கண்ணால காட்டுங்க. இல்லேன்னா இந்தத் தடவை தம்பியோட டிராக்டர் இறங்கும்.”

தம்பி என்றால் என் மச்சினன். பக்கத்துக் காடு அவனுடையது. வருஷத்துக்கு நாலு உழவு ஓட்டி, மண்ணை மாவு மாதிரி வைத்திருப்பான்.

விவசாய அலுவலரிடம் ஓடினேன். “பருத்தித் துணியைப் பொதைச்சு வைங்க. மண்ணுல நுண்ணுயிர் நிறைய இருந்தா ரெண்டு மாசத்துல தின்னுடும்” என்றார்.

வீட்டுக் கொடியில் என் கோடு போட்ட டிராயர்கள் இரண்டு காய்ந்துகொண்டிருந்தன. சுத்தப் பருத்தி என்று நானே துணி வாங்கி வந்து, அவளிடம் தைக்கக் கொடுத்தவை. யாருக்கும் தெரியாமல் ஒன்றை எங்கள் காட்டிலும், இன்னொன்றை மச்சினன் காட்டிலும் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தேன்.

“கொடியில இருந்த டிராயர் எங்கங்க?”

“காத்துல போயிருக்கும்.”

இரண்டு மாதம் கழித்து மச்சினன் அக்காவையும் கூட்டிக்கொண்டு டிராக்டரோடு காட்டில் வந்து நின்றபோதுதான் உண்மையைச் சொன்னேன்.

“என் காட்டுல உங்க டிராயரா மாமா? கேக்கவே ஒரு மாதிரி இருக்கு.”

அவன் காட்டில் டிராயரைத் தோண்டி எடுக்கும்போது கடப்பாரை ‘ணங்’ என்றது. மேலே மாவு, அடியில் பாறை. எங்கள் காட்டில் மண்வெட்டி போன வேகத்துக்கு நான் குப்புற விழப் பார்த்தேன். மண்புழுக்கள் நெளிந்தன. ஆசையோடு டிராயரை மண்ணோடு அள்ளி வரப்பில் வைத்தேன்.

இரண்டும் முழுசாக இருந்தன. கோடுகூட மங்கவில்லை.

“ரெண்டும் ஒண்ணுதான் மாமா. வண்டிய எடுக்கட்டுமா?”

இரண்டு வருஷம் சேர்த்ததெல்லாம் ஒரு மணி நேரத்தில் புரண்டுவிடும்.

“அந்த ஓரமா மெதுவா ஓட்டு மாப்ள. அங்கதான் புழு நெறைய இருக்கு.”

என் மனைவி குனிந்து துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நினைத்தேன்.

“இது பாலியெஸ்டர்ங்க. ஏழு ஜென்மம் ஆனாலும் மக்காது.”

“தைக்கும்போதே தெரியுமா?”

“தொட்டதுமே தெரியும். அவ்வளவு பெருமையா கொண்டு வந்தீங்க. எப்படிச் சொல்றது?”

முப்பது வருஷம் பருத்தி விளைவித்தவன் நான். மச்சினன் சிரிக்க வசதியாக வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“ஆனா தைச்சது பருத்தி நூல்” என்றாள்.

அவன் காட்டு டிராயரை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாள். தையல் விறைத்து நின்றது. பிறகு எங்களுடையதை எடுத்தாள். எடுத்த மாத்திரத்தில் இரண்டு காலும் தனித்தனியாக அவள் கையில் வந்தன. ஒரு பொட்டு நூல் இல்லை. ஊசி போன ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன.

அந்த ஓட்டைகளை வெயிலுக்கு நேரே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“தம்பி, வண்டிய நிறுத்து.”

அவன் எழுந்து போய், அதுவரை உறுமிக்கொண்டிருந்த இன்ஜினை அணைத்தான். கடப்பாரை குத்திய இடத்தைப் பார்த்தான், என் மண்வெட்டி புதைந்த இடத்தைப் பார்த்தான்.

“அக்கா, எனக்கும் ஒரு டிராயர் தைச்சுக் குடேன். அசல் பருத்தியில.”

“போட்டுக்கவா, பொதைக்கவா?”

“வடக்கு ஓரத்துல கொஞ்சம் உழாம விட்டுத்தான் பாப்போமே” என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

“துணி நான் வாங்கிட்டு வரேன்” என்றேன்.

“வேண்டாம்!” என்றார்கள் அக்காவும் தம்பியும், ஒரே குரலில்.