லிகோன் மறுபடி பிறந்தான்

திராட்சை மிதிக்கிற மாதத்தில் ஒரு காலை, மூன்று வருடத்துக்கு முன் செத்துப்போன லிகோன் தன் வீட்டுக் கதவைத் தடதடவென்று இடித்தான். உள்ளே வாற்கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்த மெலித்தாவுக்கு இடிப்பது யாரென்று உடனே தெரிந்துவிட்டது. கலிம்னோஸ் தீவில் முழங்கையால் கதவைத் தட்டுகிற ஆள் அவள் புருஷன் ஒருவன்தான். இரண்டு கையிலும் கடற்பஞ்சு இருக்கும், கை ஒழியாது. கதவைத் திறந்தாள். இரண்டு கையிலும் கடற்பஞ்சு இருந்தது. தலையிலிருந்து கடல்நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த ஒன்றரை மாதத்துக்கு அது நிற்கவில்லை. கீழே ஜாடி வைத்துப் பிடித்து, அக்கம்பக்கத்தார் மீன் ஊறப்போட எடுத்துப் போனார்கள்.

அவன் செத்த விதம் ஊருக்கே தெரியும். இடுப்பில் கயிறு, கையில் கனத்த கல், வாய் நிறைய எண்ணெய். பஞ்சு அறுக்கக் குதிப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் குதிப்பார்கள். அடியில் போய் எண்ணெயைத் துப்பினால் கண்ணுக்கு வெளிச்சம் கிடைக்கும். அன்றைக்குக் கயிறு மட்டும் மேலே வந்தது. கடல் கொண்டுபோனவனுக்கு மூன்று பௌர்ணமி காத்திருப்பது வழக்கம். அதற்குப் பிறகுதான் கரையில் நின்று மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆவியை அழைத்து வந்து, வெறும் கல்லறையில் குடிவைத்து, கல்லில் பெயர் வெட்டுவார்கள். மெலித்தாவால் அத்தனை நாள் பொறுக்க முடியவில்லை. வாடைக்காற்று தொடங்கியிருந்தது. அந்தக் குளிரில் அவன் வீடில்லாமல் அலைகிறான் என்று நினைத்தால் சோறு தண்ணி இறங்கவில்லை. ஒன்பதாம் நாளே கரைக்குப் போய் மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். கூந்தலை அறுத்துக் கல்லறை மேல் வைத்தாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவ்வளவு ஆசை அவளுக்கு என்றார்கள்.

இப்போது ஆள் வந்து நிற்கிறான், கல்லறை முந்திக்கொண்டுவிட்டது. கல்லறை உள்ளவன் எந்த வீட்டுப் படியும் மிதிக்கக் கூடாது, கோவிலுக்குள் வரக் கூடாது, அவனோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. மணலில் நடந்தால் அவனுக்குக் கால்தடம் விழவில்லை. அவன் சுவருக்கு வெளியே உட்கார்ந்தான். அவள் கதவுக்கு உள்ளே உட்கார்ந்தாள்.

"இத்தனை நாளா எங்க போயிருந்தீங்க?"

"நடந்து வந்தேன். அடியில வழி முழுக்க மேடு."

"நான் கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சு. வாயில எண்ணெய வச்சுக்கிட்டு எப்படிப் பதில் சொல்றது? மூணாவது தடவை கூப்பிட்டதும் யாரோ கதவைச் சாத்தின மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் சுத்து வழியாத்தான் போகணும்னாங்க."

அவள் விரலில் ஒட்டிய மாவைத் தேய்த்து உதிர்த்தாள். அவன், "மெலித்தா, மாவு காயுது பாரு" என்றான்.

ஊர் சபை கூடியது. கல்லில் வெட்டியது பொய்யா, கதவைத் தட்டியது பொய்யா என்று அவர்களால் தீர்க்க முடியவில்லை. லிகோனின் தம்பி பர்மெனோன் படகேறி தெல்ஃபிக்குப் போய்க் குறி கேட்டு வந்தான். புதிதாய்ப் பிறந்த பிள்ளைக்குப் பெண்கள் என்னென்ன செய்வார்களோ அத்தனையும் அவனுக்குச் செய்யுங்கள் என்று வாக்கு வந்தது. இது புதிய சங்கதி இல்லை. மற்ற ஊர்களிலும் இப்படி நடந்திருக்கிறது. அங்கே பேருக்குக் குளிப்பாட்டி, பேருக்கு ஒரு துணி சுற்றி, பொழுது சாய்வதற்குள் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கலிம்னோஸ் பெண்களுக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை.

ஆண்பிள்ளை பிறந்த வீடு என்று வாசலில் ஒலிவ இலை வளையம் தொங்கவிட்டார்கள். வெந்நீரில் குளிப்பாட்டியதும் தலையில் சொட்டுவது நின்றது. தோளிலிருந்து பாதம்வரை துணி சுற்ற மூன்று பாய்மரத் துணி பிடித்தது. பக்கத்து வீட்டு ஹெதிலே நாலாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள். சிப்பியில் பீய்ச்சிக்கொண்டு வந்து, "வாயைத் திறங்கண்ணே. மூணு பேரை வளர்த்த பால்தான், விஷமில்ல" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். லிகோனும் சிரித்தான். அன்று சாயங்காலம் அவன் தாடி உதிர்ந்தது.

ஐந்தாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி மூன்று முறை ஓட வேண்டும். கதவுப் பலகையில் அவனைக் கிடத்தி நான்கு பேர் தூக்கினார்கள். முதல் சுற்று முடிந்ததும் இரண்டு பேர், எங்கள் கை தேவைப்படவில்லை என்று ஒதுங்கி நின்றார்கள். சுற்றிய துணி தொளதொளவென்று ஆகியிருந்தது.

"போதும், நிறுத்துங்க" என்றாள் மெலித்தா.

"பாதியில நிறுத்தினா பாதி ஆளாத்தான் நிப்பான்" என்றார் பூசாரி. "அதை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவே?"

இரண்டாம் சுற்றில் பலகையே வேண்டியிருக்கவில்லை. பர்மெனோன் ஒருவனே அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். துணிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவளைத் தேடின. வாய் அசைந்தது. பல் இல்லாததால் சொல் வரவில்லை. மூன்றாம் சுற்றுக்கு யாரோ முறத்தை எடுத்து நீட்டினார்கள். சுற்று முடிந்ததும் முறத்தில் கிடந்தது வீரிட்டு அழுதது. நல்ல குரல் என்றார்கள்.

பத்தாம் நாள் பெயர் வைத்தார்கள். லிகோன் என்ற பெயரைக் கல் எடுத்துக்கொண்டுவிட்டதால் அதை மறுபடி வைக்க வழியில்லை. மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயர் என்ற முறைப்படி எகியாஸ் என்று வைத்தார்கள். லிகோன் இப்படியாகத் தனக்கே மகனானான். ஊர்ப் பதிவேடு எழுதுகிறவர் 'லிகோன் மகன் எகியாஸ்' என்று எழுதிவிட்டு, அடுத்து யார் என்று கேட்டார்.

மெலித்தா வளர்த்தாள். வேறு என்ன செய்ய முடியும்? குழந்தைக்குப் பேச்சு வருகிற வயதில் மடியில் வைத்துக்கொண்டு, "மெலித்தா சொல்லு, மெலித்தா" என்று சொல்லிக்கொடுத்தாள். அது "அம்மா" என்றது. தினமும் சொல்லிக்கொடுத்தாள், தினமும் அது அம்மா என்றது. ஏழு வயதில் ஒருநாள் அவன் முழங்கையால் கதவைத் தட்டினான். கையில் ஒன்றுமே இல்லை. அவள் ஓடிப்போய்த் திறந்தாள். "அம்மா, பசிக்குது" என்றான். வருடாவருடம் கல்லறைக்கு எண்ணெயும் தேனும் கொண்டுபோனபோது ஜாடியை அவன்தான் தூக்கி வந்தான். கல்லில் இருந்த பெயரை, கடைவீதிப் பலகையை வாசிக்கிறவன்போல எழுத்துக்கூட்டி வாசித்தான். நடுவில் உப்பு வியாபாரி ஒருவன் அவளைப் பெண் கேட்டான். அவள் விதவையா சுமங்கலியா என்று பூசாரியால் சொல்ல முடியாததால் அது அப்படியே நின்றுபோனது. பர்மெனோன் மட்டும் அவ்வப்போது வந்து, "என்ன அண்ணி, புருஷன் போய் பிள்ளை வந்தாச்சு. ஊர்ல எத்தனை பேருக்கு ரெண்டும் இல்ல" என்று சொல்லிவிட்டு, அவள் கொடுத்த அத்திப்பழத்தைத் தின்றுவிட்டுப் போவான்.

பதினெட்டு வயதானதும் எகியாஸ் கடலில் குதிக்கப் போகிறேன் என்றான். அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். அவன் பழைய கல்லையே தேடி எடுத்துக் கழுவிவைத்தான். கலிம்னோஸில் பெண்கள் பஞ்சுப் படகில் ஏறுவது கிடையாது. அன்றைக்கு மெலித்தா முதல் ஆளாகப் போய்ப் படகின் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அவளை இறங்கச் சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. கயிற்றின் ஒரு நுனியை அவன் இடுப்பில் கட்டினாள், மறுநுனியைத் தன் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள். அவள் தலை பாதி நரைத்திருந்தது. அவனுக்குத் தாடி முளைத்திருந்தது, அதே இடத்தில் அதே சுழியோடு.

படகு நின்றது. கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு விளிம்பில் ஏறி நின்றான். எண்ணெய்க் குப்பியை வாய்வரை கொண்டுபோனவன், என்ன நினைத்தானோ, இறக்கினான். திரும்பிப் பார்க்கவில்லை.

"மூணு பௌர்ணமி முழுசா கழியட்டும், மெலித்தா. இந்தத் தடவை ஒன்பதாம் நாளே கூப்பிட்டுடாத."