பாவுக்குக் கீழே ஒரு பலகை

இரண்டு நாள் மழைக்குப் பிறகு அன்று காலைதான் வெயில் முகம் காட்டியது. பக்கத்து வீட்டுத் தமிழ்வாணன் தன் தறியில் ஏற்றவேண்டிய நீள இழைகளைத் தெருவில் பாவாக விரித்திருந்தார். ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான், நடுவில் தெருக்காரர்கள் நாலைந்து பேர். யார் வீட்டுப் பாவானாலும் கைகொடுப்பது எங்கள் தெரு வழக்கம். அரக்குச் சிவப்பில் கல்யாணப் பட்டு. தெரு நீளம் போதாமல் குறுக்குத் தெருவையும் தாண்டி, கவட்டுக் கம்புகளின்மேல் இடுப்பு உயரத்துக்கு நின்றது. தெளித்த கஞ்சி இன்னும் காயவில்லை. ஆரணியில் பாவு விரித்துவிட்டால் மாப்பிள்ளை ஊர்வலமே வந்தாலும் நின்றுதான் போகவேண்டும். வண்டிகளை நிறுத்த என் அண்ணன் மகன் கிரண் குறுக்குத் தெரு மேட்டில் நின்றுகொண்டிருந்தான்.

தமிழ்வாணனுக்கு ஒரே மகள், தேவிப்ரியா. பத்தாவது படிக்கிறாள். கேபிள் டிவியில் வெளிநாட்டுப் பிள்ளைகள் சக்கரப் பலகையில் நின்றபடி ரோட்டில் பறப்பதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கும் கிரணுக்கும் தூக்கம் போயிற்று. பழைய தறிப்பலகையும், பவர்லூம் பட்டறையில் தூக்கிப்போட்ட பேரிங்குகளும் சேர்த்துக் கிரண் ஒன்றைச் செய்துவிட்டான். செய்தது அவன், ஓட்ட வந்தது அவளுக்குத்தான். போகிற லாரியின் பின்பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நிமிர்ந்து நின்றபடி வருவாள். "அடங்காப்பிடாரி" என்று தெருவே திட்டும். நானும் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் கரகர சத்தம் கேட்டதும் தறியை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு ஓடுகிறவளும் நான்தான். அவள் வயதில் நான் சைக்கிளைத் தொட்டதற்கே உதை வாங்கினேன்.

போன வாரம் தமிழ்வாணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தபா உன்ன ரோட்டுல பாத்தேன், பலக அடுப்புக்குப் போவும். நீ சந்தவாசல்ல உங்க மாமன் வூட்டுக்குப் போவ. அங்கயே படி."

சந்தவாசல் என்றதும் அவள் முகம் செத்துப்போனது. ஒரு வாரம் அடங்கித்தான் இருந்தாள்.

அரிசி மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று இறக்கத்தில் வந்தது. கிரண் கையைக் காட்ட, அது சட்டென்று நின்றது. பின்னால் யார் தொற்றிக்கொண்டு வருகிறார்கள் என்று பாவம் கிரணுக்கு எப்படித் தெரியும்? மோதாமல் இருக்கப் பிடியை விட்டு ஒதுங்கினாள் தேவிப்ரியா. பலகை நிற்கவில்லை. ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் சாக்கடை, எதிரே அப்பாவின் பாவு.

வேறு ஊராக இருந்தால் பெற்றவன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் பிள்ளையைப் பிடிக்க ஓடியிருப்பான். இங்கே ஒருவரும் நகரவில்லை. கையை விட்டால் பாவு தொய்ந்து நேரே அவள் கழுத்தில்தான் இறங்கும்.

"வுடாதீங்க! யாரும் வுடாதீங்க! இழுத்துப் புடிங்க!" தமிழ்வாணனின் குரல் உடைந்தது. உள்ளங்கை எரிய நான் இழுத்தேன்.

அவள் குதிக்கவில்லை. குதித்தால் பாவின்மேல் விழுவோம் என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. நின்றவள் அப்படியே உட்கார்ந்து, மல்லாந்து, பலகையோடு பலகையாக ஒட்டிக்கொண்டாள். பின்னல் தரையில் இழுபட, அத்தனை சிவப்புக்கும் அடியில் கண்ணை மூடாமல் போனாள். அந்தப் பக்கம் வெளியே வந்து மணல் குவியலில் உருண்டு எழுந்தாள். முழங்கையில் ரத்தம், முகமெல்லாம் கஞ்சித் துளி.

"இழ எதுனா அறுந்துச்சாப்பா?" என்றாள்.

எனக்கு அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்போல இருந்தது. இந்தக் கைகள்தான் பாவில் மாட்டிக்கொண்டிருந்தனவே.

தமிழ்வாணன் தன் முனையைக் கம்பத்தில் கட்டினார். குனிந்து பாவைத் தடவிப் பார்த்துக்கொண்டே குறுக்குத் தெரு வரை வந்தார்.

"ஒண்ணுகூட அறுந்துபோவல" என்றார். பிறகு அவள் முகத்துக் கஞ்சியைத் தன் துண்டால் துடைத்தார். "பலகையக் குடு."

"மாமா, அடுப்புல மட்டும் போட்டுடாதீங்க" என்று ஓடிவந்தான் கிரண்.

"என்ன சந்தவாசலுக்கு அனுப்பிடுவியாப்பா?"

அவர் பலகையை வாங்கித் திருப்பிப் பிடித்தார். லாரிக்காரன் ஜல்தி ஜல்தி என்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். தமிழ்வாணன் ஒரு சக்கரத்தை விரலால் சுண்டினார். அது சுற்றியது. அவர் அதையே பார்த்தபடி நிற்க, அவள் அவரையே பார்த்தபடி நிற்க, சக்கரம் வெயிலில் மின்னிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தது.