திருப்பிக் கொடுத்த கிண்ணம்

மெதியாஷ் நகரத்துக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. தொழிற்சாலைக்கு வெளியே தான் பேசிய சொற்களைச் சுதர்ஷினி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாள். வணக்கம், நன்றி, ஒன்று போதும், பை வேண்டாம். கூட்டிக் கழித்தால் பன்னிரண்டு சொற்கள் தேறின. அவற்றையே மாற்றி மாற்றிச் சொல்லி ஐந்து வாரத்தை ஓட்டியிருந்தாள்.

பினாங்கில், பாயான் லெப்பாஸில் உள்ள மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. அதே நிறுவனம் ருமேனியாவின் இந்தச் சின்ன நகரத்தில் புது ஆலை திறந்திருந்தது. அங்கே மூன்று மாதம் போய் இருக்க யார் தயார் என்று மேலாளர் கேட்டபோது, ஒருவர் குழந்தை என்றார், ஒருவர் கல்யாணம் என்றார். சுதர்ஷினி ஒன்றும் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

சிவப்பு ஓட்டுக் கூரைகளுள்ள ஊர். நடுவில் பழைய தேவாலயக் கோபுரம் கொஞ்சம் சாய்ந்து நின்றது. அரை மணி நேரத்தில் ஊரைச் சுற்றி வந்துவிடலாம். பலமுறை சுற்றி வந்தாள். கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக் கோபுரத்தின் சாய்வை அளந்தும் பார்த்தாள். அளந்ததைச் சொல்லத்தான் ஆளில்லை.

மூன்றாம் மாடியில் அவளுடைய வீட்டுக்கு எதிர்வீடு ரோடிகாவினுடையது. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் பெண். ஐம்பது வயது இருக்கும், தனியாக இருந்தாள். சுதர்ஷினி வந்து இறங்கிய அன்று, கேட்காமலேயே அவளுடைய பெட்டியின் ஒரு முனையைப் பிடித்து மூன்று மாடி ஏற்றிக் கொடுத்தவள். அதற்குப் பிறகு படிக்கட்டில் பார்த்தால் தலையை ஆட்டுவாள். ஒரு நாளில் அந்தத் தலையாட்டல் ஒன்றுதான் சுதர்ஷினிக்காக மட்டும் நடந்த காரியம்.

ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. ரோடிகா நின்றாள். கையில் நீலப்பூ போட்ட மண் கிண்ணம், அதன் பக்கத்தில் எரியும் மெழுகுவர்த்தி. ஏதோ சொன்னாள். அதில் 'டோரின்' என்ற பெயர் மட்டும் சுதர்ஷினிக்குப் பிடிபட்டது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தன் பன்னிரண்டு சொற்களில் ஒன்றான நன்றியைச் சொன்னாள். ரோடிகா வேறு எதையோ எதிர்பார்த்தவள் போல ஒரு நொடி நின்றாள். பிறகு கீழே இறங்கிப் போனாள்.

கிண்ணத்தில் பாலில் வெந்த அரிசி, மேலே பட்டைத் தூள். மெழுகுவர்த்தியை ஊதி அணைக்க மனம் வரவில்லை. அதைச் சன்னலில் வைத்துவிட்டு, நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டாள். கிண்ணத்தைக் கழுவும்போது அடியில் கடையின் விலைச்சீட்டு அப்படியே இருந்தது. எடுக்க மறந்துவிட்டாள் போலும் என்று நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

பினாங்கில், டத்தோ கிராமாட்டில் இருக்கும் அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"பால்சோறா? வெள்ளைக்காரங்களும் செய்வாங்களா?" என்றாள் நல்லம்மா.

"நல்லா இருந்துச்சும்மா. இனிப்பு கொஞ்சம் தூக்கல்."

"மங்கைக் குடுத்திட்டியா?" அம்மாவுக்குக் கிண்ணம் என்றால் மங்கு.

"இன்னும் இல்ல. இப்பதான் கழுவினேன்."

"வெறும் மங்காக் குடுத்துப் போடாத பிள்ளை. ஏதாவது வெச்சுத்தான் குடுக்கணும். ஒண்ணுமில்லன்னா ஒரு கரண்டி சீனியாவது போடு."

"கேசரி கிண்டட்டுமா? நெய் இருக்கு."

பின்னாலிருந்து அண்ணன் சிவகரனின் குரல் வந்தது. "உன் கேசரியா? மங்கோட சேந்து ஒட்டிக்கும்லா! அப்புறம் அவங்க மங்கையும் சேத்துத்தான் கடிக்கணும்."

"நீ வாயை மூடு" என்று அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மறுநாள் மாலை சுதர்ஷினி கேசரி கிண்டினாள். ஒட்டவில்லை. திராட்சையை வரிசையாக மேலே பதித்தாள். கூந்தலை இரண்டாவது முறை சீவிக்கொண்டு எதிர்க்கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த ரோடிகா முதலில் சிரித்தாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "நு, நு" என்று கையை ஆட்டினாள்.

வேண்டாம் என்கிறாள். அது சுதர்ஷினிக்குத் தெரியும். பினாங்கில் எந்த வீட்டில்தான் முதல் தடவையே வாங்கிக்கொள்கிறார்கள்? இரண்டு முறை மறுப்பது மரியாதை, மூன்றாம் முறை கையில் திணிப்பது அன்பு. அவள் மூன்றாம் முறை ரோடிகாவின் கையைப் பிடித்துக் கிண்ணத்தை அதில் வைத்து, விரல்களை மூடியும் விட்டாள். வாழ்நாளில் அவள் இவ்வளவு துணிச்சலாக எதையும் செய்ததில்லை.

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

திங்கட்கிழமை படிக்கட்டில் ரோடிகா தலையாட்டவில்லை. செவ்வாய்க்கிழமை இவள் வரும் ஓசை கேட்டதும் உள்ளே போய்விட்டாள்.

அன்று மதியம் சாப்பாட்டுக்கூடத்தில் சுதர்ஷினி அலினாவிடம் சொன்னாள். அலினா அவளுடைய பிரிவில் வேலை செய்பவள், ஆங்கிலம் தெரிந்தவள், வாய் ஓயாதவள். கேட்டதும் சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"மன்னிச்சிடு ஷினி. சிரிக்கக் கூடாது. போன சனிக்கிழமை எங்களுக்கு இறந்தவங்க நாள். புதுப் பாத்திரம் வாங்கி, அதுல சாப்பாடு வெச்சு, அவங்க பேரைச் சொல்லி யாருக்காவது குடுப்போம். பாத்திரத்தோடதான். அந்த உலகத்துல அவங்க சாப்பிடறதும் தண்ணி குடிக்கிறதும் அதுலதான். வாங்கினவங்க 'போக்தாப்ரோஸ்தே'ன்னு சொல்லணும். அவருக்குப் போய்ச் சேரட்டும்ங்கிற மாதிரி."

"நான் நன்றி சொன்னேன்."

"அது பரவாயில்ல, வெளிநாட்டுக்காரி."

"திருப்பிக் குடுத்தா?"

அலினா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரும் திருப்பிக் குடுத்ததா நான் கேள்விப்பட்டதே இல்ல."

விலைச்சீட்டு சுதர்ஷினியின் நினைவுக்கு வந்தது. புதுக் கிண்ணம் என்பதற்கான சான்று கண்ணெதிரே இருந்தது. அதைத்தான் சுரண்டிக் குப்பையில் போட்டிருந்தாள்.

"டோரின் யாரு?"

"அவங்க புருஷன். லாரி ஓட்டினவர். ரெண்டு வருஷமாச்சு."

"ரொம்பக் கோபமா இருப்பாங்களா?"

"கோபம்னா தேவலையே. அவர் அங்க வெறுங்கையோட நிக்கிறார்னு நெனச்சு அழுதுட்டிருப்பாங்க. போய் அந்தக் கிண்ணத்தைத் திரும்பக் கேளு."

"நீயும் கூட வாயேன்."

"திருப்பிக் குடுத்தது நானா? நீதான் கேக்கணும்."

கேட்பது. அதுதான் சுதர்ஷினிக்கு வராத ஒன்று. அவளுடைய அப்பா ஸ்ரீஸ்கந்தராஜா ஒன்பது மாதத்துக்கு முன் மருத்துவமனையில் கிடந்தார். உள்ளே ஒருவர்தான் இருக்கலாம். அம்மா இருந்தாள். வெளியே நீல நாற்காலியில் சுதர்ஷினி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தாதி நான்கு முறை அவளைக் கடந்து போனாள். ஐந்து நிமிடம் அம்மாவை வெளியே வரச் சொல்லுங்கள், நான் போய்ப் பார்க்கிறேன் என்று கேட்டிருந்தால் விட்டிருப்பாள். கேட்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனாள். விடியும் முன் அப்பா போய்விட்டார்.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் எதிர்க்கதவின் முன் கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். தட்டவில்லை.

"சனிக்கிழமைதோறும் அவங்க மோஷ்னா கிராமத்துக்குப் போவாங்க, புருஷன் கல்லறைக்கு" என்றாள் அலினா வெள்ளிக்கிழமை. "அங்க போ. கல்லறையில கதவு கிடையாது, உன் முகத்துல சாத்த முடியாது."

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"இந்த ஊர்ல எல்லாரைப் பத்தியும் எல்லாருக்கும் தெரியும். உன்னைப் பத்தி மட்டும்தான் ஒண்ணும் தெரியாது."

மோஷ்னாவுக்குச் சிற்றுந்து காலை பத்து மணிக்கு. நகரத்தின் கடைசிக் கட்டடம் முடிந்ததுமே மலைச்சரிவுகள் தொடங்கின. புல்லை வெட்டிக் காயப்போட்டிருந்தார்கள், சன்னல் வழியே அதன் மணம் வந்தது. மின்கம்பத்தின் உச்சியில் நாரை கூடு கட்டியிருந்தது. பினாங்கில் தாசேக் கெலுகோர் பக்கம் போகும்போது சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள் வரிசை பிசகாமல் நிற்கும். இங்கே எதுவும் வரிசையில் இல்லை. சுதர்ஷினி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அலினா சொல்லித் தந்த வாக்கியத்தைப் பேனாவால் தமிழில் எழுதியிருந்தாள். வேர்வையில் ஓர் எழுத்து அழிந்திருந்தது.

மதில் சூழ்ந்த தேவாலயத்தைத் தாண்டி மேட்டில் ஏறினாள். கல்லறைத் தோட்டத்தில் ரோடிகா மட்டும்தான் இருந்தாள், மண்டியிட்டுப் புல் கத்தரித்துக்கொண்டு. சிலுவையின் அடியில் நீலப்பூக் கிண்ணம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

ரோடிகா நிமிர்ந்து பார்த்தாள். கத்தரிக்கோல் நின்றது.

சுதர்ஷினி உள்ளங்கையைப் பார்த்துப் படித்தாள். எனக்குத் தெரியாது. மன்னியுங்கள். கிண்ணத்தை எனக்குத் தாருங்கள்.

ரோடிகா அசையவில்லை. சுதர்ஷினி இரண்டு கைகளையும் நீட்டினாள். எழுதிய எழுத்துகள் வானம் பார்த்து நின்றன. இழுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இழுத்துக்கொள்ளவில்லை.

ரோடிகா எழுந்தாள். கிண்ணத்தை எடுத்து இடுப்பில் கட்டியிருந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்தாள். பையிலிருந்து செர்ரிப் பழங்களை அள்ளி அதில் நிரப்பினாள். மெழுகுவர்த்தியைத் தேடிக் கொளுத்தினாள். காற்றில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை சுதர்ஷினி தன் கையைக் குவித்து மறைத்துப் பிடித்தாள்.

"டோரின்" என்று சொல்லி ரோடிகா கிண்ணத்தை நீட்டினாள்.

"போக்தாப்ரோஸ்தே" என்றாள் சுதர்ஷினி.

ரோடிகா கண்களை மூடித் திறந்தாள். தலையை ஒரு முறை ஆட்டினாள். படிக்கட்டில் ஆட்டும் அதே ஆட்டல். பிறகு மண்டியிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தாள். இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சுதர்ஷினி மெழுகுவர்த்தியைச் சிலுவையின் அருகில் மண்ணில் நட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினாள்.

திரும்பும் வண்டிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நிறுத்தத்தில் வேறு யாருமில்லை. செர்ரியைத் தின்று கொட்டைகளைக் கைக்குட்டையில் சேர்த்தாள். அம்மாவை அழைத்தாள். அங்கே மாலை ஆறு மணி. பாத்திரம் உருளும் ஓசை கேட்டது.

"மங்கு என்னாச்சு பிள்ளை?"

"திரும்பி வாங்கிட்டேன். என்கிட்டயே இருக்கட்டும்."

"குடுத்ததை யாராவது திரும்பக் கேப்பாங்களா? என்ன பழக்கம் இது?"

"கேட்டுத்தான் வாங்கினேன்மா."

அம்மா இன்னொரு பாத்திரத்தை உருட்டினாள். அந்த இடைவெளியில் சுதர்ஷினி கேட்டுவிட்டாள்.

"அம்மா, அன்னிக்கு அப்பா என்னைக் கேட்டாரா?"

பாத்திர ஓசை நின்றது. நாரை ஒன்று சாலையைக் கடந்து பறந்தது.

"தண்ணி கேட்டாரு" என்றாள் நல்லம்மா. "குடுத்தேன். வேற ஒண்ணும் கேக்கல பிள்ளை. பேசற மாதிரி இல்ல அவரு."

"சரிம்மா."

"உனக்கும் அவருக்கும் ஒரே குணம். ரெண்டு பேரும் வாயைத் திறந்து எதையும் கேக்க மாட்டீங்க."

"சரிம்மா. வெச்சிடறேன்."

சாலையின் எதிரே குழாய் ஒன்றில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சுதர்ஷினி கிண்ணத்தைக் கழுவி, நிரப்பி, குடித்தாள். பல் கூசும் குளிர்ந்த தண்ணீர். இது டோரினுடைய கிண்ணம். டோரினுக்குத்தான் போகும். அப்பாவுக்கு வேறொன்று வாங்க வேண்டும். சந்தைத் தெருவில் கிடைக்கும், மாலை ஐந்து மணிவரை திறந்திருப்பார்கள்.

அதை யாரிடம் கொடுப்பது? இந்த ஊரில் தனக்குத் தெரிந்த கதவுகளை அவள் எண்ணிப் பார்த்தாள். ஒன்றுதான் இருந்தது. இந்த முறை தட்டிவிட்டு அப்பாவின் பெயரை முழுதாகச் சொல்ல வேண்டும். ரோடிகாவின் வாயில் அது நுழையாது. பரவாயில்லை. மெதுவாக, இரண்டு முறை சொல்லலாம்.

வண்டி இன்னும் வரவில்லை. ஈரக் கிண்ணத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சுதர்ஷினி சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.